பேக்கேஜ் பெயர் மாறியபோது கையேட்டைத் திருத்திய ஆறு வாரம்

ஆடி மாதம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்த நேரம், திருப்பூரிலிருந்து போன். ஒரு பனியன் கம்பெனியில் ஆர்டர், நூல் இருப்பு, டையிங்குக்குப் போன துணிக் கணக்கு என்று எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்ளும் ஒரு தம்பி. எங்கள் ஃபிரேம்வொர்க்கில் புதிதாக ஒரு வேலையை ஆரம்பித்திருக்கிறார்.

“ஏனுங்க அக்கா, உங்க கையேட்டுல இருக்கறத ஒரு எழுத்து மாத்தாம அடிச்சுப் போட்டனுங்க. நானூத்தி நாலுதானுங்க வருது, பக்கமே இல்லீங்குதுங்க.”

“டாம்கேட் எந்த வெர்ஷன் தம்பி?”

“பத்துங்க. நீங்கதானுங்க பத்துல போடச் சொல்லியிருக்கீங்க.”

“லாக்ல ஏதாவது எர்ரர் இருக்கா?”

“ஒண்ணுமே இல்லீங்க. ரெண்டு நாளாப் பாத்துட்டு இருக்கறனுங்க.”

எனக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. இன்ஸ்டால் செய்யும் பக்கத்தை யாரோ டாம்கேட் 10 (ஜாவா வெப் அப்ளிகேஷனை ஓட்டும் சர்வர்) என்று மாற்றியிருக்கிறார்கள், அடுத்த பக்கத்தில் இருக்கும் முதல் சர்வ்லெட் (வெப் கோரிக்கைக்குப் பதில் தரும் ஜாவா கிளாஸ்) பாடம் மட்டும் பழைய பேக்கேஜ் பெயரைச் சொல்லும் இம்போர்ட் வரியோடு அப்படியே கிடக்கிறது. அந்தப் பையன் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. இரண்டு நாள் தன் கோடில் தப்பைத் தேடிக்கொண்டிருந்தார், தப்பு என் கையேட்டில் இருந்தது.

சரவணம்பட்டிப் பக்கம் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். எங்களுக்கென்று ஜாவாவில் ஒரு வெப் ஃபிரேம்வொர்க் உண்டு, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் வட்டாரத்தில் பல மில்களிலும் டையிங் யூனிட்டுகளிலும் அதில் எழுதிய மென்பொருள்தான் ஓடுகிறது. அதன் கையேடு ஏறக்குறைய 200 பக்கம், ஆஸ்கிடாக் என்ற எழுத்து வடிவத்தில் இருக்கிறது, ஏழு வருடமாக என் பொறுப்பு. ஜாவாக்ஸ் என்று ஆரம்பிக்கும் பேக்கேஜ் (ஜாவா கிளாஸ்களைத் தொகுத்து வைக்கும் பிரிவு) பெயர்கள் ஜகார்த்தா என்று மாறியபோது அந்தக் கையேட்டை எப்படித் திருத்தினேன், எங்கெங்கே வழுக்கி விழுந்தேன் என்பதை எழுதி வைக்கிறேன். இந்த வேலையை இன்னும் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிற டீம்கள் நம் பக்கத்திலேயே நிறைய இருக்கின்றன என்று தெரியும்.

பின்னணி தெரியாதவர்களுக்கு சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜாவா இஇ-யை (நிறுவன, வெப் மென்பொருளுக்கான ஜாவாவின் பொது வரையறைகள்) எக்லிப்ஸ் ஃபவுண்டேஷனிடம் ஒப்படைப்பதாக ஆரக்கிள் 2017-இல் அறிவித்தது. 2018-இல் அதற்கு ஜகார்த்தா இஇ என்று புதுப் பெயர் வந்தது. ஜாவா என்ற வணிகப் பெயர் ஆரக்கிளுடையது, ஜாவாக்ஸ் பேக்கேஜ்களை மாற்றி வளர்த்துக்கொண்டு போவதற்கு இரண்டு தரப்புக்கும் உடன்பாடு ஏற்படவில்லை என்பது 2019-இல் தெளிவாகிவிட்டது. அந்த வருடமே வந்த ஜகார்த்தா இஇ 8-இல் பேக்கேஜ் பெயர் மாறவில்லை. 2020 டிசம்பரில் வந்த ஜகார்த்தா இஇ 9-இல்தான் எல்லாம் ஒரே அடியாக மாறியது. டாம்கேட் 9 வரை பழைய பெயர், 10 முதல் புதுப் பெயர். 2022 நவம்பரில் பலரும் பயன்படுத்தும் ஃபிரேம்வொர்க்கான ஸ்பிரிங் பூட் 3 வந்து ஜாவா 17-ஐயும் ஜகார்த்தாவையும் கட்டாயமாக்கியதும் எங்களைப் போன்ற சின்னவர்களுக்கும் வேறு வழி இல்லாமல் போனது. ஃபிரேம்வொர்க்கின் கோடை எங்கள் டீம் மாற்றி முடித்தது. கையேடு என்று வந்தபோது எனக்குக் கிடைத்த பதில், “பேருதானம்மா மாறுது, ரெண்டு நாள்ல முடிஞ்சிரும்.”

நானும் அதை நம்பித்தான் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து மொத்தக் கையேட்டிலும் ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் போட்டேன். ஒரே நிமிடம். கையேடு பில்ட் ஆனது, ஒரு எச்சரிக்கைகூட இல்லை. எப்படி வரும்? ஆஸ்கிடாக்குக்கு அதெல்லாம் வெறும் எழுத்து, அந்தப் பெயரில் ஒரு கிளாஸ் உலகத்தில் இருக்கிறதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை.

மறுநாள் காலையில் டேட்டாபேஸ் பக்கத்தைத் திறந்து பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. ஜகார்த்தா.எஸ்கியூஎல்.டேட்டாசோர்ஸ் என்று நிற்கிறது. அப்படி ஒன்று கிடையவே கிடையாது. ஜாவாக்ஸ்.எஸ்கியூஎல் ஜேடிகே-யின் (ஜாவாவின் அடிப்படைத் தொகுப்பு) சொந்தச் சொத்து, அது மாறவில்லை. ஜாவாக்ஸ்.நேமிங், ஜாவாக்ஸ்.கிரிப்டோ, ஜாவாக்ஸ்.நெட், ஜாவாக்ஸ்.ஸ்விங் எல்லாமே அப்படித்தான். எக்ஸ்எம்எல்லில் இன்னும் சிக்கல்: ஜாவாக்ஸ்.எக்ஸ்எம்எல்.பைண்ட் மாறிவிட்டது, அதன் பக்கத்து வீட்டு ஜாவாக்ஸ்.எக்ஸ்எம்எல்.பார்சர்ஸ் மாறவில்லை. ஜாவாக்ஸ்.டிரான்சாக்ஷன் மாறியது, அதற்குள்ளேயே இருக்கும் எக்ஸ்ஏ என்ற கிளை ஜேடிகே-யோடு தங்கிவிட்டது. ஜாவாக்ஸ்.அனோடேஷனில் போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட் போய்விட்டது, அனோடேஷன் பிராசசிங் பழைய இடத்திலேயே இருக்கிறது.

இந்த மாதிரி ஒரு குழப்பத்தை நான் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறேன், கம்ப்யூட்டரில் அல்ல. எனக்குச் சொந்த ஊர் தாராபுரத்துக்குப் பக்கம். எங்கள் அப்பாருடைய காலத்துப் பத்திரத்தில் கோயமுத்தூர் ஜில்லா என்று இருக்கும். 1979-இல் பிரித்த பிறகு எழுதியதில் பெரியார் மாவட்டம், அப்புறம் வந்ததில் ஈரோடு மாவட்டம், 2009-க்குப் பிறகு திருப்பூர் மாவட்டம். நிலம் ஒன்று, வாய்க்கால் ஒன்று, பெயர் நான்கு. அதற்காக கோயமுத்தூர் என்று வருகிற இடத்தையெல்லாம் திருப்பூர் என்று யாராவது திருத்தினால் எப்படி இருக்கும்? பொள்ளாச்சியும் மேட்டுப்பாளையமும் இன்னும் கோயமுத்தூர் மாவட்டத்தில்தானே இருக்கின்றன. நான் அன்றைக்கு ஒரே நிமிடத்தில் செய்தது அதைத்தான்.

சரி என்று எல்லாவற்றையும் பழையபடி திருப்பி வைத்துவிட்டு, முதலில் இருந்து ஆரம்பித்தேன். மாறியதும் மாறாததும் ஒரு அட்டவணை. எது மாறும் என்பதற்கு எங்கள் டீமில் ஒரு சுலபமான சோதனையை வைத்துக்கொண்டோம்: வேறு எந்த ஜாரும் (கம்பைல் ஆன கிளாஸ்களின் பொதி) சேர்க்காமல், வெறும் ஜேடிகே 17 மட்டும் வைத்துக்கொண்டு அந்த கிளாஸ் கம்பைல் ஆகிறதா? ஆனால் அது மாறாது. ஜேடிகே எண்ணைச் சேர்த்துச் சொல்வது முக்கியம், ஏனென்றால் ஜாவா 8 காலத்தில் எக்ஸ்எம்எல் பைண்டிங்கும் போஸ்ட்கன்ஸ்ட்ரக்டும் ஜேடிகே-யோடு சேர்ந்தே வந்தன, ஜாவா 11-இல்தான் அவற்றை வெளியே எடுத்தார்கள். இந்தச் சோதனைக்கும் விலக்கு உண்டு. ஜாவாக்ஸ்.கேஷ் ஜேடிகே-யில் கிடையாது, ஆனாலும் அது ஜாவா இஇ-யின் பகுதியாக இருந்ததில்லை, அதனால் பெயர் மாறவில்லை. மதிப்பு காலியா (நல்) என்ற சோதனைக்குப் போடும் பழைய நான்நல் அனோடேஷன் (கோடின் மேல் @ போட்டு எழுதும் குறிப்பு) ஜாரும் ஜாவாக்ஸ்.அனோடேஷன் என்ற பெயரில்தான் இருக்கிறது, அதுவும் மாறவில்லை. இந்த விலக்குகளை அட்டவணையில் தனியாக எழுதினேன், அந்தப் பக்கம்தான் இன்றைக்கு எங்கள் கையேட்டில் அதிகம் பேர் கேட்டு வாங்கும் பக்கம்.

ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் தொடக்கூடாததைத் தொட்டது ஒரு பக்கம் இருக்கட்டும். தொட வேண்டியதைத் தொடாமல் விட்டது அதைவிட அதிகம்.

அப்ளிகேஷனின் அமைப்புகளை எழுதும் வெப் எக்ஸ்எம்எல் ஃபைலின் தலையில் இருக்கும் முகவரியில் ஜாவாக்ஸ் என்ற சொல்லே கிடையாது, அங்கே ஜாவாஇஇ என்றுதான் இருக்கும். புதியதில் அது ஜகார்த்தா டாட் இஇ முகவரிக்குப் போய், வெர்ஷனும் 5.0 ஆக வேண்டும். ஜேஎஸ்பி (ஜாவா கலந்த எச்டிஎம்எல்) பக்கங்களில் கோர் டேக் லைப்ரரியின் முகவரி இன்னும் ஜாவாவை உருவாக்கிய சன் கம்பெனியின் பெயரிலேயே இருக்கிறது. இதில் ஒரு நுணுக்கம்: ஜகார்த்தா இஇ 9-இல் அந்த முகவரி மாறவில்லை, 10-இல்தான் ஜகார்த்தா.டேக்ஸ்.கோர் என்ற சின்னப் பெயர் வந்தது. ஆக “ஜகார்த்தாவுக்கு மாறிவிட்டோம்” என்று மொட்டையாக எழுதினால் போதாது, 9-ஆ 10-ஆ என்று சொல்ல வேண்டும். அதேபோல மெட்டா-இன்ஃப் சர்வீசஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபைல். அங்கே பேக்கேஜ் பெயர் ஃபைலின் பெயராகவே இருக்கிறது. உள்ளே இருக்கும் எழுத்தை மாற்றிவிட்டு ஃபைலின் பெயரை மாற்றாமல் விட்டால், சர்வர் ஏறும், எங்கள் ஃபிரேம்வொர்க் மட்டும் விழித்துக்கொள்ளாது, ஒரு எர்ரரும் வராது.

எதிர்பாராத இன்னொரு தொல்லை, எவ்வளவு பக்கம் முடிந்தது என்று எண்ணிப் பார்த்தபோது வந்தது. ஜகார்த்தா என்ற சொல் இருக்கும் பக்கமெல்லாம் திருத்தி முடிந்த பக்கம் என்று கணக்கு வைத்திருந்தேன். அதில் நான் கையே வைக்காத சில பக்கங்களும் வந்து நின்றன. பார்த்தால், அவை மிகப் பழைய பக்கங்கள். டாம்கேட்டை வெளியிடும் அப்பாச்சி அமைப்பில் முன்பு ஜகார்த்தா என்ற பெயரிலேயே ஒரு திட்டம் இருந்தது, டாம்கேட் ஆரம்பத்தில் அதற்குள்தான் இருந்தது, 2011-இல் அந்தத் திட்டத்தை மூடிவிட்டார்கள். அந்தக் காலத்து லிங்குகள். பெயர் ஒன்றாக இருந்தாலும் இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. உங்கள் கையேடு பத்து பதினைந்து வருடத்துக்கு மேல் பழையது என்றால் இதை முதலிலேயே தேடிப் பாருங்கள்.

தேவையான ஜார்களை இறக்கி பில்ட் செய்யும் மேவன் பற்றிய பக்கத்தில் எனக்கு ஒரு முழு நாள் போனது. சர்வ்லெட் ஏபிஐ ஜாரின் குரூப் பெயரை ஜகார்த்தா.சர்வ்லெட் என்று மாற்றினேன், வெர்ஷனை அப்படியே 4.0 வரிசையில் விட்டுவிட்டேன். டவுன்லோட் ஆனது. கம்பைல் செய்தால் ஜகார்த்தா.சர்வ்லெட் பேக்கேஜ் இல்லை என்கிறது. ஜாரைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஜாவாக்ஸ்! 4.0 வரிசையில் ஜாரின் பெயர் மட்டும்தான் ஜகார்த்தா, உள்ளடக்கம் பழையது, 5.0.0-இலிருந்துதான் உள்ளேயும் மாறுகிறது. ஜகார்த்தா இஇ 8 அப்படி வந்ததால் ஏற்பட்ட நிலைமை இது. கையேட்டில் மேவன் வரிகளை எழுதுகிற இடத்தில் வெர்ஷன் எண்ணைத் தடித்த எழுத்தில் போட்டு, “இதற்குக் கீழே போகாதீர்கள்” என்று காரணத்தோடு எழுதினேன்.

இதுவரை சொன்னதெல்லாம் நேரத்தைத் தின்னும் தொல்லைகள். இனிச் சொல்லப்போவது எனக்கு இரண்டு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்த விஷயம்.

பெருந்துறைப் பக்கம் எங்கள் ஃபிரேம்வொர்க்கைப் பயன்படுத்தும் ஒரு இடத்தில், சோதனை சர்வரில் புது வெர்ஷனை ஏற்றிப் பார்த்தார்கள். பக்கங்கள் எல்லாம் திறக்கின்றன, வேகமாகவும் இருக்கிறது, சந்தோஷமாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். சாயங்காலம் அங்கிருந்தே ஒரு அம்மா மறுபடியும் கூப்பிட்டார். “ஏங்க, லாகின் பண்ணாமயே சம்பளப் பட்டியல் தொறக்குதுங்களே, இப்படித்தான் இருக்கோணுமுங்களா?”

லாகின் சோதிக்கும் ஃபில்டரை (ஒவ்வொரு கோரிக்கையும் முதலில் கடந்து வர வேண்டிய கோடு) அவர்கள் எங்கள் கையேட்டின் பாதுகாப்புப் பக்கத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் நான் இன்னும் தொடாத பக்கம். ஃபில்டரை அனோடேஷன் வைத்துப் பதிவு செய்கிற உதாரணம் அது, இம்போர்ட் ஜாவாக்ஸ். டாம்கேட் 10 தேடுவது ஜகார்த்தா அனோடேஷனை. பழையது அதன் கண்ணுக்கு வெறும் கிளாஸ், அதைப் பதிவே செய்யாது. ஃபில்டர் இல்லை, அதனால் தடையும் இல்லை. திருப்பூர் தம்பிக்கு 404 வந்ததும் இதே காரணத்தால்தான், ஆனால் 404 வந்தால் யாராவது கேட்பார்கள். கதவு திறந்து கிடந்தால் யார் கேட்பது? அந்த அம்மா கவனித்ததால் தெரிந்தது, அதுவும் சோதனை சர்வரில் இருந்ததால் போயிற்று.

அதே ஃபில்டரை வெப் எக்ஸ்எம்எல்லில் பெயர் சொல்லிப் பதிவு செய்திருந்தால் டாம்கேட் அதை ஏற்ற முயன்று, முடியாமல், அப்ளிகேஷனையே ஏறவிடாமல் நிறுத்தியிருக்கும். சத்தம் போட்டு விழுவது எவ்வளவு நல்லது என்று அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

வேலிடேஷனிலும் இதே கதை. அளவு காலியாக இருக்கக்கூடாது என்று சொல்லும் நாட்நல் அனோடேஷன் பழைய பேக்கேஜிலிருந்து வந்திருந்தால், புது ஹைபர்னேட் வேலிடேட்டர் அதைக் கண்டுகொள்ளாது. ஆர்டர் அளவு இல்லாமலேயே சேவ் ஆகும். ஓடும்போது அந்த அனோடேஷனின் கிளாஸே இல்லாவிட்டாலும் ஜாவாவை ஓட்டும் ஜேவிஎம் முறையிடாது, அனோடேஷன் இல்லாதது போலவே நடந்துகொள்ளும்.

இவற்றுக்கெல்லாம் அடியில் இருந்த காரணம் ஒன்றுதான். எந்த ஜார்கள் வேண்டும் என்று மேவனுக்குச் சொல்லும் அவர்களுடைய பாம் (pom) ஃபைலில் புது ஏபிஐ ஜாரும் இருந்தது, பழையதும் இருந்தது. எங்கள் கையேடு “புதியதைச் சேர்க்கவும்” என்று சொன்னது, “பழையதை எடுத்துவிடவும்” என்று எங்குமே சொல்லவில்லை. பழைய ஜாரை எடுத்திருந்தால் அந்த ஃபில்டர் கம்பைலே ஆகியிருக்காது, அந்த நிமிடமே தெரிந்திருக்கும். இரண்டும் இருந்ததால் கம்பைல் ஆனது, கோடு எழுத உதவும் ஐடிஇ-யும் இம்போர்ட் போடும்போது இரண்டு பெயரையும் காட்டி ஏதோ ஒன்றை எடுக்கச் சொன்னது. இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: கையேட்டின் மாற்றப் பக்கத்தில் முதல் வேலையாகப் பழைய ஜாரை நீக்கச் சொல்லுங்கள், பெயரை மாற்றுவது இரண்டாவது வேலை. வேறு ஏதாவது லைப்ரரி வழியாகப் பழையது திரும்பவும் உள்ளே வரலாம், அதனால் பில்டில் விதிகளைச் சோதிக்கும் மேவன் என்ஃபோர்சரில் தடைசெய்த ஜார்கள் என்ற விதியைப் போட்டு ஜாவாக்ஸ்.சர்வ்லெட் வந்தால் பில்டே நிற்கும்படி செய்யுங்கள். எங்கள் கையேட்டில் இப்போது அந்த விதி ஆயத்தமாக இருக்கிறது, வெட்டி ஒட்டினால் போதும்.

பெருந்துறை அனுபவத்துக்குப் பிறகு நான் வேலை செய்யும் விதத்தையே மாற்றினேன். அதுவரை உதாரணக் கோடெல்லாம் கையேட்டுக்குள்ளேயே தட்டி வைத்த எழுத்து. அவை எல்லாவற்றையும் வெளியே எடுத்து, நிஜமான ஒரு மேவன் ப்ராஜெக்ட்டில் போட்டேன், கையேடு அங்கிருந்து தேவையான வரிகளை மட்டும் இழுத்துக்கொள்ளும். ஆஸ்கிடாக்கில் இதற்கு வசதி உண்டு: கோடில் கமெண்ட்டாக ஒரு அடையாளத்தை ஆரம்பத்திலும் முடிவிலும் வைத்துவிட்டு, கையேட்டிலிருந்து இன்க்ளூட் வரியில் அந்த அடையாளத்தைச் சொன்னால் போதும். அப்புறம் என்ன, கையேட்டில் தப்பு இருந்தால் ப்ராஜெக்ட் கம்பைல் ஆகாது. முதல் நாளே பதினெட்டு இடத்தில் உடைந்தது. அதில் ஏழு, இந்தப் பெயர் மாற்றத்துக்குச் சம்பந்தமே இல்லாத தப்புகள், வருடக்கணக்காக அங்கேயே இருந்தவை. அவற்றை அடித்துப் பார்த்து ஓடாமல் விட்டுவிட்டுப் போனவர்கள் எத்தனை பேரோ, அதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

கம்பைல் மட்டும் போதாது என்பதும் சீக்கிரம் தெரிந்தது. ஜேஎஸ்பி முதல்முறை திறக்கும்போதுதான் கம்பைல் ஆகும். இன்னும் மோசம், மேற்கோள் குறிக்குள் இருக்கும் பெயர்கள். எங்கள் எர்ரர் பக்க உதாரணம், ரிக்வெஸ்ட்டிலிருந்து ஜாவாக்ஸ்.சர்வ்லெட்.எர்ரர்.ஸ்டேட்டஸ்_கோட் என்ற பெயரில் எண்ணை எடுக்கும். புது சர்வர் அதை ஜகார்த்தா என்று ஆரம்பிக்கும் பெயரில் வைக்கிறது. பழைய பெயரில் கேட்டால் நல் வரும், அதை இன்ட்டாக மாற்றப் போனால் எர்ரர் பக்கமே எர்ரராகி நிற்கும். கம்பைலருக்கு அது வெறும் ஸ்ட்ரிங், எதுவும் சொல்லாது. அதனால் டாம்கேட்டை டெஸ்டுக்குள்ளேயே ஏற்றி, கையேட்டின் ஒவ்வொரு உதாரணத்தையும் ஒருமுறை அழைத்துப் பார்க்கும்படி எழுதினோம். ஃபில்டர் உதாரணத்துக்குத் தலைகீழ் டெஸ்ட்: லாகின் இல்லாமல் கேட்டால் உள்ளே விடக்கூடாது. உள்ளே விட்டால் கையேடே பில்ட் ஆகாது.

அதோடு ஒரு பழைய பழக்கத்தையும் விட்டேன். இடத்தை மிச்சம் பிடிக்க உதாரணங்களில் இம்போர்ட் வரிகளைக் காட்டுவதில்லை என்று ஆரம்பத்திலிருந்தே வைத்திருந்தோம். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கிளாஸ் பெயர்கள் ஒன்றுகூட மாறாமல் பேக்கேஜ் மட்டும் மாறியிருக்கிற இந்த மாற்றத்தில், இம்போர்ட்டை மறைத்த உதாரணம் பழையதா புதியதா என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. இப்போது ஒவ்வொரு உதாரணத்திலும் இம்போர்ட் இருக்கிறது.

அடுத்தது பழைய கையேட்டை என்ன செய்வது என்ற கேள்வி. அழித்துவிடலாம், குழப்பம் வராது என்று டீமில் பாதிப் பேர் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. டாம்கேட் 9-இல் எங்கள் பழைய வெர்ஷனை ஓட்டிக்கொண்டிருக்கிற இடங்கள் நிறைய, ஆயுத பூஜை முடியட்டும், தீபாவளி ஆர்டர் முடியட்டும் என்று அவர்கள் மாற்றத்தைத் தள்ளிப் போடுவதில் நியாயம் இருக்கிறது. அவர்களுக்குப் பழைய கையேடுதான் சரியான கையேடு. அப்பா நிலத்தைப் பாகம் பிரித்தபோது தாராபுரத்தில் பத்திரம் எழுதியவர் சொன்னது ஞாபகம் வந்தது: “பழைய மாவட்டத்தையும் சேத்துப் போடோணுங்க, இல்லீன்னா வில்லங்கம் பாக்கறப்ப சிக்காதுங்க.” அதன்படிதான் முந்தைய ஈரோடு மாவட்டம், தற்போது திருப்பூர் மாவட்டம் என்று இரண்டையும் எழுதினார்.

கையேட்டிலும் அதையே செய்தேன். பழைய வெர்ஷனின் கையேட்டை அப்படியே உறையவைத்து, ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் இது எந்த ஃபிரேம்வொர்க் வெர்ஷனுக்கு, எந்த டாம்கேட்டுக்கு, எந்த ஜாவாவுக்கு என்று மூன்று வரி. புதுக் கையேட்டில் புதுப் பெயர் மட்டும். ஒரே பக்கத்தில் “பழையது என்றால் இப்படி, புதியது என்றால் அப்படி” என்று எழுதிப் பார்த்தேன், படிப்பவர்கள் இரண்டிலிருந்தும் பாதிப் பாதி எடுத்துக்கொண்டார்கள், அதோடு அந்த முயற்சியை விட்டுவிட்டேன். இரண்டும் சந்திக்கிற இடம் ஒன்றே ஒன்று, மாற்றப் பக்கம். அங்கே பழைய பெயர்களை வேண்டுமென்றே முழுசாக எழுதி வைத்தேன், வருகிற எர்ரர் வரிகளையும் அப்படியே போட்டேன். ஜேவிஎம் பல எர்ரர் வரிகளில் அந்தப் பெயரைப் புள்ளி வைக்காமல் சாய்கோடு போட்டு ஜாவாக்ஸ்/சர்வ்லெட் என்று காட்டும். ஆட்கள் தேடுவது திரையில் தெரிகிற அந்த எழுத்தைத்தான். புள்ளி வைத்தது மட்டும் கையேட்டில் இருந்தால் தேடுபவருக்குச் சிக்காது. வெளியீட்டுக் குறிப்புகளையும் தொடவில்லை. முந்தைய வெர்ஷன் ஜாவாக்ஸில்தான் ஓடியது, அதை ஜகார்த்தா என்று திருத்தினால் அது பொய்.

மாற முடியாத ஜார்கள் பற்றியும் ஒரு பக்கம் வேண்டியிருந்தது. சோர்ஸ் இல்லாத பழைய ரிப்போர்ட் ஜார் ஒன்றையாவது வைத்திருக்காத இடம் நம் பக்கத்தில் கிடையாது. அவர்களுக்கு அப்பாச்சியின் டாம்கேட் மைக்ரேஷன் டூல் இருக்கிறது, எக்லிப்ஸ் டிரான்ஸ்ஃபார்மரும் இருக்கிறது, கம்பைல் ஆன ஜாருக்குள்ளேயே பெயரை மாற்றிக் கொடுக்கும். முழு அப்ளிகேஷனும் பழையது என்றால், டாம்கேட் 10-இல் வெப்ஆப்ஸ்-ஜாவாஇஇ என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதில் அப்ளிகேஷனின் வார் (war) ஃபைலைப் போட்டால் சர்வரே மாற்றி ஏற்றிக்கொள்ளும். சோர்ஸ் கையில் இருப்பவர்களுக்குக் கோடைத் தானாகத் திருத்தும் ஓபன்ரீரைட் நல்ல உதவி, ஆனால் அது மாற்றியதை வரிவரியாகப் பார்க்காமல் கமிட் செய்யாதீர்கள். ஃபைல் அப்லோட் பக்கத்தைத் தனியாகக் கவனியுங்கள்: காமன்ஸ் ஃபைல்அப்லோட் 1 வரிசை ஜாவாக்ஸோடு கட்டியது, பெயரை மாற்றினால் மட்டும் ஓடாது, ஜாரையே மாற்ற வேண்டும்.

இதில் எதுவும் எட்டாத ஒரு கையேடும் இருந்தது. ஆவணி கடைசியில் திருப்பூருக்கு ஒரு வேலையாகப் போனபோது, ஒரு டையிங் ஆபீஸில் எங்கள் கையேட்டை மூன்று வருடத்துக்கு முன்பு பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டு வைத்திருந்ததைப் பார்த்தேன். ஓரமெல்லாம் பேனாவில் குறிப்பு, சாயக் கறை வேறு. அதில் எந்த வெர்ஷன் என்று எங்குமே இல்லை, அட்டையில் மட்டும்தான் போட்டிருந்தோம், அட்டை கிழிந்துபோயிருந்தது. திரும்பி வந்த அன்றே பிடிஎஃப்-இன் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வெர்ஷனும் தேதியும் வரும்படி செய்தேன். அந்த ஆபீஸுக்குப் புதியதை நானே பிரிண்ட் எடுத்து அனுப்பினேன், பழையதைத் தூக்கிப் போட வேண்டாம், இன்னொரு சர்வரில் பழைய வெர்ஷன் ஓடும் வரை வைத்திருங்கள் என்று முதல் பக்கத்தில் எழுதி.

இரண்டு நாள் என்று சொன்ன வேலை ஆறு வாரம் ஆனது. ஸ்கிரீன்ஷாட்டுகள் மட்டும் மூன்று நாள், ஏனென்றால் படத்துக்குள் இருக்கிற ஜாவாக்ஸை எந்தத் தேடலும் காட்டாது, ஒவ்வொன்றாகத் திறந்து கண்ணால்தான் பார்க்க வேண்டியிருந்தது. பாதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கோடை எழுத்தாகவே போட்டுவிட்டேன்.

புரட்டாசியில் புதுக் கையேடு வெளியானதும் முதலில் திருப்பூர் தம்பிக்குத்தான் அனுப்பினேன். முதல் பாடத்திலிருந்து கடைசி வரை அடித்துப் பார்த்துவிட்டு நான்கு நாள் கழித்துக் கூப்பிட்டார். எல்லாம் ஓடுகிறது, ஃபில்டர் பக்கம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் தயங்கி, “அக்கா, வெப் எக்ஸ்எம்எல் பக்கத்துல ரெண்டாவது உதாரணத்துல வெர்ஷன் இன்னும் 4.0-னு இருக்குதுங்க, பாத்தீங்களா?” என்றார். போனை வைக்காமலேயே திறந்து பார்த்தேன். இருந்தது. கம்பைல் ப்ராஜெக்ட்டுக்குள் இழுக்காமல் கையேட்டில் கையால் அடித்து விட்டுப்போன ஒரே உதாரணம் அது. அன்று சாயங்காலமே அதையும் ப்ராஜெக்ட்டுக்குள் கொண்டு போய், மாற்றப் பட்டியலில் அவர் பெயரைச் சேர்க்கலாமா என்று கேட்டு அவருக்கு மெசேஜ் போட்டேன்.